பாரதக் கூத்துக்கு வெளியூர் ஆட்களை அழைப்பது: எங்கிருந்து தொடங்குவது?

ஆலமரத்தடி கேட்டது:

வணக்கம். செய்யாறு பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் விழாக் குழுவுக்காகக் கேட்கிறேன். வைகாசியில் திரௌபதி அம்மனுக்கு 18 நாள் பாரதம். பகலில் பிரசங்கம், கடைசி 10 இரவும் கூத்து, பிறகு படுகளம் (துரியோதனன் வீழும் காட்சி), தீமிதி. ஜமா (கூத்துக் குழு) நல்ல ஜமா. ஆனால் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. நடுச்சாமத்துக்கு மேல் களரியை (ஆடுகளத்தை) சுற்றி நாற்பது பேர் இருந்தால் பெரிது.

சென்னை, புதுச்சேரி, பெங்களூரிலிருந்து ஆட்களை வரவழைத்தால் ஜமாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், மகளிர் குழுவுக்குச் சமையல் வேலை கிடைக்கும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். "சாமி காரியத்தைக் காட்சிப் பொருள் ஆக்காதீங்க" என்கிறார்கள் பெரியவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

கேள்விகள்:
எந்தெந்த இரவுக்கு அழைக்கலாம்?
விடிய விடிய ஆடும் கூத்தை 2 மணி நேரமாகச் சுருக்கினால் தப்பா?
டிக்கெட் போடலாமா, வரி கிரி வருமா?
மைக் அனுமதி, கழிப்பறை, தங்குமிடம் எல்லாம் எப்படிச் சமாளிப்பது?

முதல் ஆண்டு 100 பேர் வந்தால் போதும் என்று நினைக்கிறோம்.

---

களரிக்கட்டு எழுதியது:

முதல் ஆண்டுக்கு 100 அதிகம். 60-ல் நிறுத்துங்கள். களரியைச் சுற்றி ஊர்க்காரர் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கேமராவோடு நூறு பேர் வந்து உட்கார்ந்தால் ஜமா யாரைப் பார்த்து ஆடும்? கோமாளியான கட்டியங்காரன் சொல்லும் நக்கல் பாதி ஊர் விவகாரம். சிரிக்க ஆள் இல்லையென்றால் அவன் அதை விட்டுவிடுவான். அடுத்த ஆண்டு கூத்தில் அந்தப் பகுதியே இருக்காது. வெளியாள் எண்ணிக்கை ஊராள் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுகளை இரண்டாகப் பிரியுங்கள். வில்வளைப்பு, ராஜசூயம், கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் ஆகியவை கதை பலத்தில் நிற்பவை. வெளியாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் யாருக்கும் சங்கடமில்லை. துகில், அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி, படுகளம் ஆகியவை வேண்டுதலோடு பிணைந்தவை. துகிலன்று பல ஊர்களில் கற்பூரம் ஏற்றி ஆரத்தி எடுப்பார்கள். அர்ச்சுனன் ஏறித் தவம் செய்யும் தபசு மரத்தடியில் குழந்தை வரம் கேட்டுப் பெண்கள் ஈரச் சேலையோடு படுத்திருப்பார்கள். படுகளத்தில் ஆவேசம் வரும். இங்கெல்லாம் விருந்தினர் தள்ளி நின்று பார்க்கட்டும், படம் எடுக்கக் கூடாது. பெரியவர்களின் தயக்கம் இந்த நான்கைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதை எழுத்தில் ஒப்புக்கொண்டால் மற்ற இரவுகளுக்கு அவர்களே சம்மதிப்பார்கள்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். படுகளமும் தீமிதியும் ஞாயிறு என்றால் பதினெட்டாம் போர் சனி இரவு, கர்ண மோட்சம் வெள்ளி இரவு என்று பெரும்பாலும் அமையும். அப்படியானால் நிகழ்ச்சி தானாகவே வந்துவிடுகிறது:

வெள்ளி மாலை 4 மணிக்குள் வந்து சேர வேண்டும். பிரசங்கத்தின் கடைசி அரை மணி நேரம் கேட்கலாம், அன்றிரவுக் கதையின் முன்கதை அதிலேயே கிடைத்துவிடும். 5:30-க்கு ஒரு அறிமுக ஆட்டம், 40 நிமிடம். 7 மணிக்குச் சாப்பாடு. 8 மணியிலிருந்து ஒப்பனை அறை, ஒரு தடவைக்கு 10 பேர், ஆளுக்கு 15 நிமிடம், வெளிச்சம் அடிக்காமல். 10 மணி வாக்கில் களரி கட்டுவார்கள் (வாத்தியம் முழக்கித் தொடங்குவார்கள்), பிறகு விடியும்வரை கர்ண மோட்சம். சனிக்கிழமை காலையில் தூங்க விடுங்கள். மாலையில் அடவு அல்லது கட்டை (கலைஞர் அணியும் மர அணிகலன்) பற்றிய பயிற்சி. ஞாயிறு காலை படுகளம், கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று.

அறிமுக ஆட்டத்தில் என்ன வேண்டும்? திரை விருத்தம், திரை விலகி வேஷம் நுழைவது, கட்டியங்காரன் "யாரய்யா நீர்" என்று கேட்பது, வேஷம் தன்னைச் சொல்வது, ஒரு தரு (பாட்டு), ஒரு கிறுக்கி (சுழன்றாடுவது). இவ்வளவு தெரிந்துவிட்டால் புதிதாகப் பார்ப்பவர் இரவு 2 மணிக்கும் இடம் தெரியாமல் விழிக்க மாட்டார். ஆனால் அன்றிரவு கர்ணன் கட்டுகிறவரை மாலையிலும் ஆட வைக்காதீர்கள். கட்டை ஏற்றி விடியும்வரை ஆடுபவருக்கு அந்த நேரம் ஓய்வு வேண்டும், குரலும் போய்விடும். ஜமாவில் பழகிவரும் பையன் ஒருவர் செய்யட்டும், அதற்குத் தனிச் சம்பளம்.

ஒரு தாளில் இருபக்கமாக அச்சடித்துக் கொடுங்கள்: கதைச் சுருக்கம் 150 சொல்லில், வேஷங்களின் பெயர், எந்தக் கட்டம் ஏறக்குறைய எத்தனை மணிக்கு. வழிகாட்டி ஆட்டத்தின் நடுவே எழுந்து விளக்கம் சொல்லும் வழக்கத்தை மட்டும் தொடங்கவே தொடங்காதீர்கள்.

---

பின்பாட்டு எழுதியது:

மேலே சொன்னதில் அறிமுக ஆட்டம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அதைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் 11 மணிக்கே படுக்கப் போவார்கள். "கூத்து பார்த்தாச்சு" என்ற திருப்தி வந்துவிடும். கூத்து ஏறுவதே ஒரு மணிக்கு மேல்தான். கர்ணனும் பொன்னுருவியும் வாதிடும் இடத்துக்கு முன்னால் வந்த நாலு மணி நேரமும் வீண் இல்லை, அந்த நேரம்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

இரண்டு மணி நேரக் கூத்து வேண்டுமென்றால் அது வேறு படைப்பு. கூத்து வாத்தியார் உட்கார்ந்து புதிதாகக் கட்ட வேண்டும். காஞ்சிபுரம் பக்கத்தில் 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் குறுகிய நேரத்துக்கென்றே தனி நாடகங்களை உருவாக்கியது. விடிய விடிய ஆடுவதிலிருந்து கத்தரித்து எடுத்ததல்ல. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் விழாவையும் பாருங்கள். சென்னைக்காரர்கள் பேருந்து பிடித்துப் போய் இரவு முழுக்கத் தெருவில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அது கோயில் வேண்டுதல் இரவு அல்ல, கலைக்கென்றே தனியாக நடக்கும் விழா. கூத்தோடு நவீன நாடகமும் மற்ற ஊர்க் கலைகளும் அதே களத்தில் வருகின்றன. உங்கள் ஊரிலும் இரண்டாம் ஆண்டில், பாரதம் முடிந்து ஒரு மாதம் கழித்து இப்படி ஓர் இரவு வைப்பதைப் பற்றி யோசியுங்கள். சாமி காரியம், காட்சிப் பொருள் என்ற சண்டைக்கே இடமிருக்காது.

கத்தரித்தே ஆக வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன்: சண்டையை வைத்துக்கொண்டு விருத்தத்தை வெட்டாதீர்கள். வெளியூர்க்காரருக்குச் சொல் புரியாது, ஆட்டம் மட்டும் போதும் என்று நினைத்து எல்லாரும் செய்வது அதுதான். கடைசியில் மிஞ்சுவது சுற்றல் மட்டும்.

---

ஜமா கணக்கு எழுதியது:

பணம் பற்றி.

கூத்துக்கு டிக்கெட் வேண்டாம். தெருவில், கோயில் முன்னால் நடப்பதற்குக் கட்டணம் வாங்கினால் ஊர்க்காரரே கேள்வி கேட்பார்கள். கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் கோயில் இடத்தில் வசூலிப்பது கோயில் வருமானமாகிவிடும், செயல் அலுவலர் அனுமதியில்லாமல் தொடக் கூடாது. ஆட்டம் எல்லாருக்கும் இலவசம். விருந்தினரிடம் வாங்குவது சாப்பாடு, படுக்கை, பயிற்சி, வழிகாட்டி ஆகியவற்றுக்கான பதிவுக் கட்டணம். இதைத் தனிக் கணக்கில், முடிந்தால் மகளிர் குழுவின் பெயரில், மூன்று பேர் கையெழுத்தோடு வையுங்கள். விழாக் கணக்கோடு கலக்கவே கூடாது. ஊரில் இந்த முயற்சி இரண்டாம் ஆண்டில் நின்றுபோகிறது என்றால் பத்தில் எட்டு தடவை காரணம் கணக்கு காட்டாததாகத்தான் இருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு, 60 பேர், ஆளுக்கு 1,500 ரூபாய், மொத்தம் 90,000:

மூன்று வேளைச் சாப்பாடு, வேளைக்கு 150 வீதம்: 27,000
வீடுகளில் படுக்கை, ஆளுக்கு 300: 18,000
பயிற்சி நடத்தும் கலைஞர்களுக்கு: 12,000
கழிப்பறை, தண்ணீர், விளக்கு: 15,000
ஜமாவுக்கு, பேசிய தொகைக்கு மேல்: 10,000

82,000 போக 8,000 கையிருப்பு. அது லாபமல்ல. கோடை மழை வந்து ஒரு நாள் தள்ளிப்போனால் அதிலிருந்துதான் இரண்டாவது தடவை சமைக்க வேண்டும். 45 பேர்தான் வந்தால் சாப்பாடும் படுக்கையும் அதே விகிதத்தில் குறையும், கழிப்பறையும் பயிற்சியும் ஜமாவின் 10,000-மும் குறையாது. 67,500 வரவுக்கு 70,750 செலவு. ஆகவே 50 பேர் பதிவாகாவிட்டால் என்ன செய்வது என்பதை முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கலைஞர் தொகையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

வரி: நாட்டுப்புறக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை 1.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதென்றால் ஜிஎஸ்டி விலக்கு. நாடகம், நாட்டிய நிகழ்ச்சி நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய் வரை விலக்கு. உங்கள் 1,500 வெறும் நுழைவுக் கட்டணம் அல்ல, அதில் சாப்பாடும் தங்கலும் இருக்கிறது. என்றாலும் சேவைக்கான ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு தேவைப்படாது. கணக்கை மகளிர் குழுவின் பெயரில் வைத்தால் அவர்களுடைய மற்ற வரவும் அதில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

ஜமாவோடு வெற்றிலை பாக்கு மாற்றியதோடு நிறுத்தாமல் அரைப் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். எந்த இரவு எந்தக் கதை, மாலை நிகழ்ச்சி உண்டா, மழையால் நின்றால் எவ்வளவு, படம் பிடிக்கலாமா. பல ஜமாக்களில் பங்குக் கணக்கு நடக்கிறது: முழுப் பங்கு, முக்கால், அரை என்று அனுபவத்துக்கும் வேஷத்துக்கும் ஏற்ப. கூடுதல் 10,000-ஐ ஜமா முதலாளி கையில் கொடுத்தால் அது அந்தக் கணக்கில் போகும். பயிற்சி நடத்துகிறவருக்கான தொகையை நேராக அவர் கையில் கொடுங்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

யூடியூப் விஷயமும் அதே தாளில் வரட்டும். பல ஜமாக்கள் தங்கள் கூத்தைத் தாங்களே ஏற்றுகின்றன. விருந்தினர் ஒருவர் முழு இரவையும் பிடித்து ஏற்றினால் அது ஜமாவின் வரவைத் தின்பது. 2 நிமிடத் துண்டுக்கு மேல் கூடாது என்று பதிவுச் சீட்டிலேயே அச்சடியுங்கள்.

மொய் அறிவிப்பு: "இன்னார் ஐநூறு ரூபாய் அன்பளிப்பு" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்துவது வெளியூர்க்காரரை விரட்டும். நிறுத்தவும் முடியாது, அது கலைஞரின் வரவு, கொடுப்பவரின் கௌரவம். ஒரு பையன் நோட்டில் எழுதிக்கொண்டே வரட்டும், வேஷம் மாறும் இடைவெளியில் மொத்தமாகப் படிக்கலாம்.

---

ஆலமரத்தடி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. 60 என்று குழுவில் சொல்லிவிட்டேன், யாரும் மறுக்கவில்லை. அறிமுக ஆட்டம் பற்றி வாத்தியாரிடமே முடிவை விடுகிறோம். மைக், கழிப்பறை, பாதுகாப்பு பற்றி யாராவது?

---

இரவுக்காவல் எழுதியது:

மைக்கில் தொடங்குகிறேன், எல்லாரும் அதில்தான் மாட்டுகிறார்கள்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாள்தான். 12-க்கு மேல் சட்டப்படி வழியே கிடையாது. ஊர்த் திருவிழாவென்று கண்டுகொள்ளாமல் விடுவது நடைமுறை. ஆனால் நீங்கள் இணையத்தில் விளம்பரம் செய்து வெளியாட்களை அழைத்த பிறகு யாரோ ஒருவர் புகார் கொடுத்தால் முதலில் உங்கள் பெயர்தான் எழுதப்படும்.

ஆகவே 12-க்கு மேல் மைக் இல்லாமல் ஆடும்படி களத்தை அமையுங்கள். கூத்து மைக்குக்கு முன்னால் பிறந்தது. முகவீணை என்ற ஊதுகருவி ஊரைத் தாண்டிக் கேட்கும், சுருதியும் அதற்கேற்ப உச்சத்தில் இருக்கிறது. தேவை நெருக்கம் மட்டும். களரி 20 அடிக்கு 20 அடி, வாத்தியக்காரர் உட்காரும் மேளக்கட்டின் பின்புறத்தைச் சுவரோ வீட்டு வரிசையோ பார்த்து வையுங்கள். மற்ற மூன்று பக்கமும் தரையில் பாய். ஆளுக்கு 5 சதுர அடி வீதம் 300 பேருக்கு 1,500 சதுர அடி போதும். நாற்காலி பின்வரிசையில் மட்டும், வயதானவர்களுக்கு. முன்னால் நாற்காலி போட்டால் கூட்டம் தானாகவே 30 அடி தள்ளிப் போய்விடும், அப்புறம் மைக் இல்லாமல் ஆகாது.

12 மணி வரை மைக் வைப்பதென்றால் பெட்டி ஸ்பீக்கர் இரண்டு போதும். கூம்புக் குழாய் கட்டினால் அனுமதியைக் கேட்கவே முடியாது. ஸ்பீக்கர் மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் ஊளையிடும். மிருதங்கத்துக்கும் டோலக்குக்கும் தனி மைக் கொடுக்காதீர்கள், பாட்டு மூழ்கிவிடும்.

விளக்கு: கட்டையில் பதித்திருக்கும் கண்ணாடித் துண்டுகள் பந்தத்துக்கும் பெட்ரோமாக்சுக்கும் ஏற்றவை. உச்சியில் வெள்ளை எல்இடி கட்டினால் முகச் சாயம் வெளுத்து, கண்ணாடி செத்துப்போகும். மஞ்சள் ஒளி விளக்கு நான்கு, இரண்டு பக்கமும் 8 அடி உயரத்தில், முன்பக்கமிருந்து சாய்வாக. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள், கொக்கி போடாதீர்கள். ஜெனரேட்டர் வைத்தால் களரியிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளி, காற்று போகும் திசையில்.

கழிப்பறை: ஊர்க்காரர் வீட்டுக்குப் போவார்கள், கணக்கு விருந்தினருக்கும் ஜமாவுக்கும்தான். 60 பேருக்கு 4, அதில் பெண்களுக்கு 3. இதோடு ஜமாவுக்குத் தனியாக ஒன்று, ஒப்பனை அறைக்குப் பக்கத்தில். கட்டை கட்டியபின் கலைஞரால் தூரம் நடக்க முடியாது, இதை யாருமே யோசிப்பதில்லை. வாடகைக் கழிப்பறையின் தொட்டி சின்னது, இரண்டாம் நாள் காலை உறிஞ்ச வண்டி வரும்படி முன்பே சொல்லி வையுங்கள். உள்ளேயும் போகும் வழியிலும் விளக்கு இல்லாவிட்டால் பெண்கள் போகமாட்டார்கள். தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிடுவார்கள், வைகாசி வெயிலில் அது மயக்கத்தில் முடியும். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வையுங்கள்: 60 பேருக்கு 20 லிட்டர் கேன் 12.

வண்டி நிறுத்தம்: ஒரு காருக்கு வழியும் சேர்த்து 250 சதுர அடி. 20 கார் என்றால் 5,000 சதுர அடி, அதாவது 12 சென்ட் அளவு. அறுத்த நிலம் கிடைக்கும், ஆனால் ஒரு மழை பெய்தால் கார் இறங்கிவிடும், டிராக்டர் வைத்து இழுக்க வேண்டியிருக்கும். மேட்டு நிலம் பாருங்கள், அல்லது செய்யாற்றிலிருந்து வேன் வையுங்கள். தேர் வரும் தெருவில் ஒரு பைக் கூட நிற்கக் கூடாது.

தபசு மரம்: மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு வெளியே விருந்தினர் நிற்கட்டும். மேலிருந்து எலுமிச்சையும் பூவும் விழும்போது கூட்டம் பாயும், கால் இடறி விழுவது அங்கேதான். ட்ரோன் வேண்டவே வேண்டாம். மரத்தின் மேல் நின்று பாடுகிறவருக்குப் பக்கத்தில் அது பறப்பது ஆபத்து.

தீமிதி: காப்பு கட்டாதவர் இறங்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். விருந்தினருக்கு அதையே காரணமாகச் சொல்லுங்கள். "ஒரு தடவை இறங்கிப் பார்க்கட்டுமா" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். குழியைச் சுற்றி இரண்டு வரிசை மூங்கில் தடுப்பு, நடுவில் 6 அடி காலி. 108 வண்டி உள்ளே வரும் வழியை அடைக்காமல் விடுங்கள்.

தங்கல்: வீட்டுத் தங்கலாகப் பதிவு செய்தால் மத்திய சுற்றுலாத் துறையின் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 1 முதல் 6 அறை, அதிகம் 12 படுக்கை, உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும். ஃபார்ம் சி என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். காசு வாங்காமல் தங்க வைத்தாலும் இது பொருந்தும். எந்த வீட்டில் யார் என்ற பட்டியலைக் காவல் நிலையத்தில் கொடுத்து வைப்பது நல்லது.

---

நடுத்தெரு எழுதியது:

யாரும் தொடாத ஒன்று. உங்கள் கோயிலுக்குள் ஊரின் எல்லாத் தெருக்காரரும் போகிறார்களா? 2023-ல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் பட்டியலின மக்கள் நுழைவதைத் தடுத்த சண்டையில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். உள்ளூர் ஆளை வெளியே நிறுத்திவிட்டு வெளிநாட்டுக்காரருக்கு மாலை போட்டு வரவேற்கும் ஊரை யார் எழுதினாலும் அதைத்தான் எழுதுவார்கள். எழுதவும் வேண்டும்.

நடைமுறையில் மூன்று இடத்தில் இது தெரியும். படுக்கைக்கு வீடு பிரிப்பது: எல்லாத் தெருவிலும் வீடு இருக்க வேண்டும், குலுக்கிப் போட்டுப் பிரியுங்கள். சமையல்: ஒரே மகளிர் குழுவுக்குக் கொடுக்காமல் வேளைக்கு ஒரு குழு. மூன்றாவது பறை, மேளம் அடிக்கிறவர்கள்: விருந்தினரை வரவேற்கப் பறை வேண்டுமென்றால் அதை நிகழ்ச்சியாக அறிவித்து, கூத்துக்காரருக்கு வைத்த பயிற்சிக் கட்டண விகிதத்திலேயே கொடுங்கள். "வழக்கப்படி அடிப்பாங்க" என்ற பேச்சு கூடாது. இவை முடிவாகாவிட்டால் அழைப்பிதழ் அடிக்காதீர்கள்.

---

ஆலமரத்தடி எழுதியது:

நடுத்தெரு, கேட்க வேண்டிய கேள்விதான். கோயிலுக்குள் தடை இல்லை. ஆனால் வீடு பிரிப்பதில் நீங்கள் சொன்ன பிரச்சினை வரும், குலுக்கல் முறையைக் கூட்டத்தில் வைக்கிறோம்.

கடைசியாக ஒன்று. வருகிறவர்கள் வாங்கிப் போக ஏதாவது? சின்னக் கிரீடம், புஜக்கட்டை மாதிரி செய்து விற்கலாமா?

---

களரிக்கட்டு எழுதியது:

விற்கலாம், ஆனால் பந்தலில் கடை போடாதீர்கள். மேற்கு வங்கத்தில் பிங்லா பக்கம் நயா என்ற ஊர் இருக்கிறது. படம் வரைந்து, அந்தச் சுருளை விரித்துக் கதை பாடும் பட்டுவாக்கள் வாழும் ஊர். 2010 முதல் நவம்பரில் 3 நாள் போட் மாயா என்ற விழா நடத்துகிறார்கள். தனிப் பந்தலைத் தேட வேண்டியதில்லை, வீடுகளே கடை. சுவரெல்லாம் ஓவியம். வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்து, பாட்டைக் கேட்டு, வரைந்தவர் கையிலிருந்தே வாங்குகிறார். விழா முடிந்த பிறகும் ஆட்கள் வருவதற்குக் காரணம் அதுதான். உங்கள் பக்கத்தில் கட்டை செய்கிறவர் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். ஒருவர்தான் என்றால் விற்பனையை விட்டுவிட்டு, அவர் செய்வதைப் பார்க்கச் சனிக்கிழமை மாலை ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், கட்டணத்தில் அவருக்குப் பங்கு.

சின்னதாகச் செய்தால் 6 அங்குலப் புஜக்கட்டைதான் சரி, கிரீடம் பையில் நசுங்கும். மேடைக்குப் போகும் கட்டையின் அச்சு அசலை விற்காதீர்கள். ஜமா பூசை போட்டு எடுப்பதை வரவேற்பறையில் மாட்ட விற்றதாகப் பேச்சு வரும். வடிவத்தை மாற்றிவிட்டால் போதும்.

கட்டை செய்யும் கல்யாண முருங்கை லேசான மரம், செதுக்கச் சுகம், அதே காரணத்தால் வண்டும் சீக்கிரம் துளைக்கும். பச்சையாகச் செதுக்கிச் சாயம் ஏற்றினால் வாங்கிப்போனவர் வீட்டில் இரண்டு மாதத்தில் மாவு கொட்டும், கண்ணாடி ஒட்டும் விடும். வைகாசிக்கு வேண்டுமென்றால் தை மாதமே வெட்டி, பட்டை உரித்து, நிழலில் அடுக்கிக் காயவிடுங்கள். முதல் ஆண்டுக்கு 30 செய்தால் போதும்.